தாண்டவராயன் மாடி ஏறினார்

"சாச்சுப் புடிங்கடா, அப்பாவுக்குத் தல இடிக்கிது" என்றாள் புஷ்பவள்ளி. இடித்தாலும் அவருக்கு இனி வலிக்காது என்பது அவளுக்கும் தெரியும்.

செத்தவரை மொட்டை மாடிக்கு ஏற்றுவதில் ஒரு சிக்கல். செம்மங்குப்பத்து வீட்டின் அந்தப் படிக்கட்டைத் தாண்டவராயனே முன்னின்று கட்டியிருந்தார், சிமெண்டை மிச்சம் பிடித்து. வளைவில் பலகையை நிமிர்த்தித்தான் திருப்ப முடிந்தது. ஒரு மாதமாகப் படுத்தே கிடந்தவர் அங்கே நெட்டுக்குத்தலாக நின்றார். தூக்கியவர்கள் அவரை நேருக்கு நேர் பார்க்க நேர்ந்து, தலையைக் குனிந்துகொண்டார்கள்.

யோசனை பாண்டியன் மாமாவுடையது. புஷ்பவள்ளியின் தம்பி இளவரசு ஆராய்ச்சி விமானத்தில் இருந்தான். ஊரை ஒட்டிய தொழிற்பேட்டைக்கு மேல் தாழப் பறந்து, காற்றைக் குழாயில் உறிஞ்சி, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்கும் விமானம். அவன் அதில் ஏறிய பிறகுதான் அப்பா போனார். அது இறங்குவது விசாகப்பட்டினத்தில். அவன் வந்து சேர நாளை ராத்திரியாகும். நாளை சனிக்கிழமை. இன்றே எடுத்தாக வேண்டும் என்று சிதம்பரத்துப் பங்காளிகள் சொல்லிவிட்டார்கள்.

"அவனால எறங்க முடியாட்டி என்னா? மச்சான ஏத்திடுவோம்" என்றார் மாமா.

புஷ்பவள்ளி தம்பியின் ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"விமானத்துக்குச் சொல்லிட்டோம் மேடம். அவருக்கு ஜன்னல் சீட்டுதான்."

"எந்தப் பக்க ஜன்னலு சார்?"

அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குக் கிழக்கே போனால் மேற்கு ஜன்னல், மேற்கே போனால் கிழக்கு ஜன்னல். மாடியில் நின்று அவள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். விமானச் சத்தம் கேட்க வேண்டுமென்று மாமா மேளத்தை நிறுத்தினார். கீழே ஒப்பாரியையும் நிறுத்தினார்.

"ரெக்கைய ஒரு சாய்ப்பு சாச்சு அப்பனுக்குக் கும்புடு போடுவான் பாரு."

"சாய்க்க மாட்டாங்க மாமா. அளக்குறப்ப நேராத்தான் போவணும்."

"அப்பன் செத்தாக்கூடவா?"

வந்தது. மூக்கில் குழாய்களோடு, தென்னைகளுக்கு மேலே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. சாயவில்லை. எல்லோரும் அண்ணாந்து கையாட்டினார்கள். புஷ்பவள்ளி மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். விமானத்தின் நிழல் கைப்பிடிச் சுவரில் ஏறி, அவர் காலிலிருந்து முகம் வரை ஓடி, அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குத் தாவியது.

சத்தம் கடல் பக்கம் தேய்ந்தது.

"பாத்தானா?" என்றார் மாமா, மெதுவாக.

"பாத்துட்டான் மாமா."

அப்பாவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் காய்ச்சல்காரருக்குப்போல் சுட்டது. முந்தானையை விரித்து அவர் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.