ஐம்பது பேருக்கு மட்டும்

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் என்றது திரை. ஆய்விதழின் பக்கத்தில் கட்டுரைத் தலைப்பு, அதன் கீழே இரண்டு பெயர்கள், எட்டு வரிச் சுருக்கம், அப்புறம் ஒரு பூட்டுப் படம். இரண்டாவது பெயர் என் மனைவியுடையது. கரையான் புற்றுக்குள் காற்று எப்படி ஏறி இறங்குகிறது என்று மூன்று வருடம் குழாய் செருகி அளந்தவள். முதல் பெயர்க்காரர் அவளுடைய பேராசிரியர். புற்றுப் பக்கம் ஒரே ஒருமுறை வந்தார், புகைப்படத்துக்கு நிற்க. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி கடைசிப் பகுதியை எழுதி முடித்த அன்று, "படிச்சுக் காட்டட்டுமாடா?" என்றாள். எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. அச்சில் வரட்டும், முழுசாகப் படிக்கிறேன் என்றேன். அச்சில் வந்துவிட்டது. அவள் எழுதியதைச் சைக்கிள் மாதிரி வாடகைக்கு எடுக்க மனம் வரவில்லை. மடிக்கணினியில் பிரதி இருந்திருக்கும். அது பல்கலைக்கழகச் சொத்தாம். அவள் போன பத்தாம் நாள் ரசீது கொடுத்து எடுத்துப் போய்விட்டார்கள்.

விடுப்புப் போட்டுவிட்டுப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். நூலகர் மரியாதையான மனிதர். குடும்பத்தாருக்கு ஓர் அட்டை உண்டு, மேடம் நேரில் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். இறந்துவிட்டாள் என்றேன். முகம் வாடியது. படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே சார்."

கோபம்கூட வரவில்லை. கட்டத்துக்கு வெளியே காலை வைத்தே பழகாத மனிதரிடம் என்ன கோபப்படுவது.

மாடியில் பேராசிரியர் அறை. உட்காரச் சொன்னார். நல்ல பெண், நல்ல உழைப்பாளி என்றார். கட்டுரைக்கு வெளிநாட்டிலிருந்து பாராட்டு வந்ததை இரண்டு தடவை சொன்னார். எனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றேன். எழுதியவர்களுக்கு ஆளுக்கொன்றாக இலவச இணைப்பு தருவார்களாம், முதலில் திறக்கும் ஐம்பது பேருக்கு மட்டும். அவருடைய ஐம்பதும் தீர்ந்துவிட்டது. துணைவேந்தர் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார், பழைய மாணவர்களுக்கு, குடியிருப்போர் சங்கத்துக்கு.

"மாப்பிள்ளைக்குக்கூட அனுப்பினேன். ஷேர் மார்க்கெட்ல இருக்கார். தொறந்து பாத்துட்டு தம்ஸ் அப் போட்டார்."

என் மனைவியின் மூன்று வருடத்துக்கு ஒரு கட்டைவிரல். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார் போல, திடீரென்று இளகி, கணினியைத் தன் பக்கம் திருப்பினார்.

"இருங்க தம்பி. அவங்க பங்கு ஐம்பது அப்படியேதான் இருக்கும்."

அவளுடைய பல்கலைக்கழக மின்னஞ்சலை மூடிவிட்டதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மூடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோது கட்டுரை வேலைக்காக அவள் அவரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தாள். அதைத் தன் ஃபோன் நம்பர் மாதிரி மளமளவென்று அடித்தார். அவர் தோளுக்கு மேலாக, அவளுக்கு வந்திருந்த மின்னஞ்சல்களின் பட்டியலைப் பார்த்தேன். 'இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் அளித்தமைக்கு நன்றி.' ஆய்விதழிலிருந்து அவள் பெயருக்கு வந்திருந்தது. தேதியைப் பார்த்தேன். அவள் இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

"ஒப்புதல் யார் சார் குடுத்தது?"

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. ஆள் இல்லன்னு சொன்னா பத்து ஃபார்ம் அனுப்புவான், ஆறு மாசம் இழுத்தடிப்பான். எனக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ." ஒரு கணம் நிறுத்தினார். "இருந்திருந்தா அவங்களே குடுத்திருப்பாங்கல்ல?"

குடுத்திருப்பாள். அதுதான் அந்த மனிதரை எதுவும் செய்ய முடியாமல் என்னை உட்காரவைத்தது. என் முகவரியைக் கேட்டார், சொன்னேன். எனக்காக எதையும் புதிதாக அடிக்கவில்லை, எல்லோருக்கும் அனுப்பும் வாசகத்தை எடுத்து ஒட்டினார்.

சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்தேன். அவள் பெயர். பக்கத்தில் சின்னப் படத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள். கீழே, 'மதிப்பிற்குரிய ஐயா, எனது கட்டுரையைத் தங்கள் மேலான பார்வைக்கு...'

"வந்துச்சா தம்பி?"

திரை மங்கத் தொடங்கியது. விரலால் தொட்டேன். வெளிச்சம் வந்தது. மறுபடி மங்கியது. மறுபடி தொட்டேன்.