இன்னும் நாற்பது போர்வை

இன்றைக்கு என்னைக் கூப்பிடாமல் இருந்தால் போதும். ஐந்து வாரம் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டியாயிற்று. தம்பி மனைவி தேறுகிறாளா என்று பார்க்கத்தானே வருகிறேன், என் வாயைத் திறந்து இவர்களுக்கு என்ன ஆகப் போகிறது?

அவள் நினைத்து முடிப்பதற்குள் டீச்சரின் விரல் அவளைக் காட்டியது.

நூலகத்தின் கீழ்த்தளத்தில், பழைய நாளிதழ்க் கட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கிடைத்த அறை. செவ்வாய்தோறும் மாலையில் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். எழுதிவைத்த வசனம் கிடையாது. அந்த நேரத்தில் வாயில் வருவதுதான் நாடகம். கூச்சம் போகும், நாலு பேர் பழக்கமாவார்கள் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. எதிராளி எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொண்டு, மேலே ஒன்று சேர்க்க வேண்டும் என்பது விதி.

அவள் தம்பி ஆற்றில் இறங்கி உயிரை விட்டு எட்டு மாதம். அவன் மனைவி தனியாக வரப் பயந்து, "நீங்களும் வாங்க அண்ணி" என்று கெஞ்சியதால் இவளும் வந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைச் சூட்டு உருளைக்குள் கொடுத்து வாங்குவது இவள் வேலை. அங்கே பேச்சுக்கு இடமில்லை.

இரண்டு நாற்காலிகள் முதுகோடு முதுகாகப் போடப்பட்டன. மறுபுறம் லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்து, கையைக் காதில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, நான்தான். லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்."

அவள் கை தானாகக் காதுக்குப் போனது.

"சரி, அப்படியே இரு. மிஷின் ஓடுது."

யாரோ கெக்கலித்தார்கள்.

"எவ்வளவு நேரம்க்கா?"

"இன்னும் நாப்பது போர்வை."

அறை அதிர்ந்தது. மெக்கானிக் சிரிப்பை அடக்க முடியாமல் குரலை நடுங்கவிட்டார். "அக்கா, மூச்சு முட்டுதுக்கா. ரெண்டு நிமிஷம் பேசேன்."

"உனக்கு எப்பவும் இதே பாட்டு. ராத்திரி பேசிக்கலாம், போனை வை."

கைதட்டல் அடங்கவே இல்லை. "ஊமைக் கோட்டான்னு நெனச்சோமே, இந்தம்மா நம்ம எல்லாரையும் வித்துருவாங்க போலிருக்கே!" என்றார் மெக்கானிக்.

அவள் எதையும் சேர்க்கவில்லை. தம்பி ஆற்றில் இறங்கிய அன்று பிற்பகல், அவன் அழைத்தபோது சொன்னவற்றையே வாய் வரிசையாகச் சொல்லியிருந்தது. நாற்பது போர்வை உட்பட. அவனும் இரண்டு நிமிடம்தான் கேட்டான். போனும் அவனோடு ஆற்றுக்குள் போனதால் கடைசியாக யாரை அழைத்தான் என்று யாரும் விசாரிக்கவில்லை, இவளும் சொல்லவில்லை. 'யாருக்காவது ஒரு போன் பண்ணியிருக்கலாமே' என்று தம்பி மனைவி அழும்போதெல்லாம் இவள் முதுகைத் தடவிக்கொடுத்திருக்கிறாள். அந்தக் கையை அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் பாத்திரம் துலக்கப் போயிருக்கிறாள்.

இப்போது அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய. எட்டு மாதத்தில் இதுதான் முதல் சிரிப்பு.

வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது டீச்சர் வந்தார். "அடுத்த மாசம் மேல பெரிய ஹால்ல ஜனங்க முன்னாடி பண்றோம். இதையே பண்ணுங்க. இதவிடப் பொருத்தமா யாராலயும் யோசிக்க முடியாது."

"அவங்க பண்ணுவாங்க டீச்சர்," என்று தம்பி மனைவி முந்திக்கொண்டாள். பிறகு இவள் கையைப் பற்றினாள். "போன் பண்றவளா நான் வரட்டுமா அண்ணி? மனசு லேசான மாதிரி இருக்கு. எனக்காகப் பண்ணுங்களேன்."

அந்தக் குரலில் 'அக்கா, மூச்சு முட்டுது' எப்படி ஒலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊர் சிரிக்கும். இந்தப் பெண் மனப்பாடமாகும்வரை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவாள். ஏதோ ஒரு முறை பாதியில் நிறுத்தி, பொறி தட்டித் திரும்பிப் பார்ப்பாள். அல்லது கடைசிவரை பார்க்கவே மாட்டாள். எது மோசம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

"இல்லம்மா," என்றாள் மெதுவாக. "நான் வரல. நீ வேற யாரோடயாவது பண்ணு."