திரும்பி வரும் தெரு

தூத்துக்குடியில் எங்கள் பகுதியை நடத்திவந்த கம்பெனி மூடிய பிறகு ரசிகர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். கைவிடப்பட்ட பழைய வீடியோ கேம்களைப் புதிய கணினியில் ஓட வைப்பார்களே, அந்த ரசிகர்கள்தான். என்ஜின் புதுசு, ஊர் பழசு என்றார்கள். படம் வரைய ஆள் கிடைக்கவில்லை. அதனால் எல்லாம் எழுத்தில் இருந்தது: செய்ய வேண்டியதை வாயால் சொன்னால் போதும், நடந்ததா இல்லையா என்று எழுத்து வரும்.

எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. காலையில் எழுந்து "பல் தேய்" என்பேன். கண்ணாடிக்குக் கீழே 'தேய்த்தாயிற்று' என்று வரும். "காபி குடி" என்பேன். 'காபி இல்லை. போடத் தெரிந்தவர் வெளியே போயிருக்கிறார்' என்று வரும்.

வெளியே போயிருந்தது என் மனைவி சந்தனமாரி. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போனாள். அவள் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஊர் புதிய என்ஜினுக்கு மாறிவிட்டது. மார்க்கெட்டை எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டையும் எழுதியிருந்தார்கள். நடுவில் இருந்த தெருவை யாரும் எழுதவில்லை.

வாசல் கதவைத் திறந்தேன். தெரு இருந்த இடத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு வரி நின்றது. 'இங்கு வேலை நடக்கிறது.' கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒருவரும் வேலை செய்யவில்லை.

போன் மட்டும் வேலை செய்தது.

"என்னங்க, இன்னும் மார்க்கெட்லதான் நிக்கேன்."

"மீன் கெட்டுப்போயிருக்குமே?"

"கெடல. கெடுறத இன்னும் எழுதலயாம்."

"ஒனக்குப் பசிக்கலையா?"

"அதயும் எழுதல. கால் மட்டும் வலிக்கி. அத எவனோ நல்லா எழுதியிருக்கான்."

அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. ரசிகர்களின் அலுவலகம் எங்கள் மாடியில் இருந்தது. "மேலே போ" என்றேன். மாடிப்படியை எழுதியவர் படிகள் மீது பிரியம் உள்ளவர். ஒவ்வொரு படிக்கும் ஒரு பத்தி. கைப்பிடியின் துருவைப் பற்றி மட்டும் படித்து முடிக்க மதியமாகிவிட்டது.

மாடியில் ஜெரால்டு உட்கார்ந்திருந்தான். இவன்தான் ரசிகர்களுக்குத் தலைவன். துறைமுகத்தில் வேலை. ஓய்வு நேரத்தில் ஊர்களை மீட்கிறான்.

"தெரு எப்பப்பா வரும்?"

"அது பால்பாண்டி எடுத்த வேலை, அண்ணாச்சி."

"பால்பாண்டி எங்க?"

"கல்யாணம் ஆயிட்டு. இப்பல்லாம் பதிலே போடுறதில்ல."

"வேற யாராவது எழுதலாமே."

"அவன் பேர் போட்டிருக்கே. தொட்டா வருத்தப்படுவான்."

"மார்க்கெட்ல மீன் செதிலக்கூட விடாம எழுதியிருக்கீங்க. ஒரு தெருவ எழுத முடியலையா?"

"அத எழுதுனவனுக்கு மீன்னா உசுரு. சம்பளமா வாங்குதோம்? ஆசைக்குச் செய்யுதோம், அண்ணாச்சி."

சம்பளம் வாங்குகிறவனைத் திட்டலாம். ஆசைக்குச் செய்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பல்லைப் பார்க்கவில்லை. மாட்டுக்கு நடு உடம்பு இல்லை என்பதுதான் என் குறை.

"வேணும்னா நீங்களே எழுதுங்க" என்றான் ஜெரால்டு. "எல்லாம் தொறந்துதான் கெடக்கு. யாரு வேணும்னாலும் எழுதலாம். நாங்க சரிபாத்துச் சேத்துக்கிடுதோம்."

"பால்பாண்டி வருத்தப்படுவான்னியே?"

"ஒங்க மேலதான் வருத்தப்படுவான். எங்க மேல இல்ல."

எழுதினேன். வீட்டிலிருந்து இறங்கினால் தெரு, தெரு நேராகப் போகும், முடிவில் மார்க்கெட். எனக்கு இது போதுமானதாகப் பட்டது. ஜெரால்டு படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"டிரான்ஸ்பார்மர் எங்க?"

டிரான்ஸ்பார்மரைச் சேர்த்தேன். மெக்கானிக் கடையைச் சேர்த்தேன். வேகத்தடையைச் சேர்த்தேன். வேகத்தடையில் பைக் எப்படிக் குதிக்கும் என்பதை நன்றாக எழுதியிருப்பதாகப் பாராட்டினான். தெருவைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் கீழே ஓடி வந்து கதவைத் திறந்தேன். தெரு இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குப் போன் போட்டேன்.

"தெரு வந்துட்டு. கெளம்பி வா."

அவள் நடந்து பார்க்கிற செருப்புச் சத்தம் போனில் கேட்டது.

"வர முடியலங்க. 'இந்தப் பக்கம் வழி இல்லை'ன்னு வருது."

மறுபடி மாடிக்குப் போனேன். மறுபடி துருவைப் படித்தேன்.

"நீங்க போற வழியத்தான எழுதுனீங்க?" என்றான் ஜெரால்டு. "வார வழிய எழுதலயே."

"போற வழிதானப்பா வார வழி!"

"அது நெசத்துல, அண்ணாச்சி. இங்க ஒவ்வொரு திசையையும் தனித்தனியா எழுதணும். மொதத் தடவ எழுதுற எல்லாரும் இந்தத் தப்பத்தான் செய்வாங்க."

"சரி, திருப்பி எழுதித் தாரேன்."

"மார்க்கெட்ல இருந்து வீட்டுக்கு நடந்து வந்திருக்கீங்களா?"

நான் வந்ததில்லை. அந்தத் தெரு வழியாக வேலைக்குப் போவேன். பைபாஸ் வழியாகத் திரும்புவேன்; அது மார்க்கெட் பக்கமே வராது. பார்க்காததை எழுதக் கூடாது என்பது விதி. வந்து பழகியவள் சந்தனமாரி ஒருத்திதான். அவள் போனில் சொன்னாள், நான் எழுதினேன்.

"மார்க்கெட் வாசப்படியில கூடைய எறக்கி வைக்கணும். கை மாத்திக்கிடணும். பெறகு ஐஸ் கம்பெனிச் சுவரு ஓரமா வரணும், அங்கனதான் நெழலு. அதுக்கு மேல மேடு."

"நம்ம தெருவுல ஏது மேடு?"

"வண்டியில போறவங்களுக்கு அது தெரியாது. எழுதுங்க, மேடு. மேட்டுல ஒரு நாய் நிக்கும். அதுக்கு ஒரு சாளை மீனு போடணும். போட்டாத்தான் விடும்."

அவள் சொன்ன தெருவில் டிரான்ஸ்பார்மர் இல்லை. வேகத்தடை இல்லை. மெக்கானிக் கடை இருந்த இடத்தில், தண்ணீர் கேட்டால் தருகிற ஒரு வீடு இருந்தது. ஜெரால்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"ரெண்டும் வேற வேற தெருவா?"

"ஒரே தெரு."

"ஒட்ட மாட்டேங்குதே. சரி, தனித்தனியாவே கெடக்கட்டும்."

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாய்க்கு எந்தக் காது மடங்கியிருக்கும் என்று ஒரு ரசிகர் கேட்டார். இடது காது என்றார் இன்னொருவர். அவர்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள். நான் காத்திருந்தேன். காதுச் சண்டை வாலுக்குப் போனது. வாலிலிருந்து, ஒரிஜினல் என்றால் என்ன என்ற கேள்விக்குப் போனது. அங்கே என் மனைவி கால் வலிக்க நிற்கிறாள். நான் வாய்க்கு வந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

'அந்த வார்த்தை எனக்குத் தெரியாது' என்று சுவரில் வந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவளால் வர முடியாவிட்டால் என்ன, என்னால் போக முடியுமே. அவள் பக்கத்திலாவது நிற்கலாம். கீழே இறங்கி, கதவைச் சாத்திக்கொண்டு "கிழக்கே போ" என்றேன். டிரான்ஸ்பார்மர் வந்தது. வேகத்தடை வந்தது, குதித்தேன். மார்க்கெட் வந்துவிட்டது. நானே எழுதிய தெரு என்பதால் சட்டென்று முடிந்துவிட்டது.

மிக்கேலம்மாள் தட்டுக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மீன் வாங்குவது அவரிடம்தான்.

"சந்தனமாரி வீட்டுக்காரராய்யா? இப்பத்தான் போறா. வழி விட்டுட்டாங்களாம்."

"எதுத்தாப்புலதான வந்தேன். நான் பாக்கலையே."

"அவ அவ தெருவுல போறா. நீரு ஒம்ம தெருவுல வந்திருப்பீரு."

வாசலுக்கு ஓடினேன். "மேற்கே போ" என்றேன்.

'முதலில் கூடையைப் படியில் இறக்கி வைக்கவும்.'

"கூடையை இறக்கி வை."

'உங்களிடம் கூடை இல்லை.'

"கை மாற்று."

'கையில் ஒன்றுமில்லை.'

"மேற்கே போ!"

'முதலில் கூடையைப் படியில் இறக்கி வைக்கவும்.'

மிக்கேலம்மாளிடம் ஒரு கூடை மீன் கேட்டேன். "ஒரு கூடை, ஒரு கிலோ சாளை, அவ்வளவுதான் எழுதியிருக்கு. அத ஒம்ம பொண்டாட்டி கொண்டுட்டுப் போயிட்டா" என்றார். அவர் முன்னால் சீலாவும் ஊளியும் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு செதிலும் மின்னியது. ஒரு சீலாவைத் தூக்கிப் பார்த்தேன். வரவில்லை. "அதெல்லாம் பாக்கிறதுக்கு மட்டும்" என்றார்.

ஜெரால்டுக்குப் போன் போட்டேன்.

"எனக்கும் ஒரு கூடை எழுதுப்பா."

"ஒரிஜினல்ல நீங்க கூடை தூக்கி யாரும் பாத்ததில்லையே, அண்ணாச்சி."

"இப்பத் தூக்குதேன்."

"அப்படின்னா அது புது வசதி. புதுசா எதையும் நாங்க சேக்குறதில்ல." பிறகு தணிந்த குரலில், "காது எடதுன்னு முடிவாயிட்டு" என்றான்.

போனை வைத்ததும் அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"என்னங்க, எங்க இருக்கீங்க? வீடு பூரா தேடிட்டேன்."

"மார்க்கெட்ல."

"நீங்களா? மீன் வாங்கவா?"

"ஒன்னத் தேடி வந்தேன்."

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ கொதிப்பது கேட்டது.

"கொழம்பு கூட்டிட்டேன்" என்றாள்.

"நான் வர நேரமாகும் போல. ஆறிப்போயிரும். நீ சாப்பிடு."

"ஆறாதுங்க. ஆறுறதயும் இன்னும் எழுதலயாம். நீங்க மெதுவாவே வாங்க."

நான் மார்க்கெட் வாசலில் நின்றேன். கால் வலிக்க ஆரம்பித்தது. எவனோ அதை நன்றாகத்தான் எழுதியிருந்தான்.