எலும்புச் சில்லு

இந்தக் காலத்து மனிதர்களுக்கு, சும்மா இருக்கிறவனைக் கண்டால் பொறுக்காது. தெருவில் போகிறவனை நிறுத்தி, முகம் வெளுத்திருக்கிறதே, டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்பார்கள். எடுக்கவில்லை என்றால் பல் தேய்க்காதவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. ரத்தத்தைக் கொடுத்து ஒரு தாளை வாங்கி, அதைப் படிக்கத் தெரியாமல் இன்னொருவனிடம் நீட்டி, தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று அடுத்தவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கூட்டம். கறிக்கடைப் பெரியவருக்கு இந்தக் கூட்டத்தோடு ஆகாது. ரத்தம் அவருக்குப் புதிதா என்ன? ஆயுசு முழுக்க அதில் கால் நனைத்து நின்றவர்.

கடை மகன் பேரில் இருந்தாலும் வெட்டுக்கட்டை அவருடையதாகத்தான் இருந்தது. நடுவில் குழி விழுந்த அந்த மரக்கட்டைக்கு முன்னால் நின்றால் வாடிக்கையாளர்கள் மகனை விட்டுவிட்டு இவர் பக்கம் நகர்வார்கள். காரணம் கத்தி இல்லை, இடது கை. கொத்திய கறியை அப்படியே பையில் தள்ள மாட்டார். கண்ணை மூடி, விரல்களை உள்ளே விட்டு ஒருமுறை துழாவுவார். கண்ணுக்குத் தப்பும் எலும்புச் சில்லு விரலுக்குத் தப்பாது. சின்னப் பிள்ளை இருக்கிற வீடு என்றால் இரண்டாம் முறையும் துழாவுவார். பேச்சில் தேள் கொட்டும் என்று தெரிந்தும் ஜனங்கள் அவரிடமே வந்தது அதனால்தான்.

அந்த விரல்களுக்கு என்ன கேடு வந்ததோ, கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போயின. குளிர்ப்பெட்டிக்குள் கையை விடுகிற தொழில், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். பாதமும் பஞ்சில் வைத்ததுபோல இருந்தது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியவில்லை. அதற்கும் செருப்புக் கடைக்காரனைத்தான் திட்டினார். இருட்டினால் நடை தள்ளாடியது. எடைபோட்டதை மறந்துவிட்டு மறுபடியும் எடைபோட்டார்.

ஒருநாள் தையல்கடைக்காரர் வந்தார். நாற்பது வருடச் சிநேகிதர். ஒரு காகித மடிப்பைப் பிரித்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஊசிமுனை போல ஒரு சில்லு. இவரிடம் வாங்கிய கறியில் இருந்தது, தன் பேத்தியின் தொண்டையில் குத்தி நின்று, ஆஸ்பத்திரியில் எடுத்தார்களாம்.

"கை தவறுறது யாருக்கும் சகஜம். ஆனா பட்டப்பகல்ல ஊத்திட்டு வந்து வெட்டக் கூடாது" என்றார்.

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் சிநேகிதர் படி இறங்கிவிட்டார். அதன் பிறகு தெருவே அதைச் சொன்னது. குடிக்காதவன் தள்ளாடினால் யார் நம்புவார்கள்? அந்த வாரமே இன்னொன்று நடந்தது. கட்டைமேல் ரத்தம் நிற்காமல் வழிந்தது. ஆட்டுக்கு இவ்வளவு ரத்தமா என்று மகன் எட்டிப் பார்த்தான். ஆட்டுடையது இல்லை. பெரியவரின் இடது சுட்டுவிரல் பிளந்து கிடந்தது. அவர் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

மகன் கத்தியை வாங்கி மேல் அலமாரியில் வைத்துப் பூட்டினான். வாங்கியதோடு விட்டானா? பெற்ற தகப்பனின் வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தான். வாடை இல்லை. வாடையே வராத சரக்கும் இப்போது கிடைக்கிறதாம் என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான், அவன் சிரித்தான். பெரியவர் வீட்டோடு உட்கார்ந்தார்.

வீட்டில் மருமகள் இருந்தாள். அதிகம் பேசாத பெண், அதனாலேயே அவருக்கு அவள்மேல் சந்தேகம். சாப்பாட்டில் காரத்தைக் கொட்டி நாக்கைக் கொல்கிறாய் என்று அவர் தட்டைத் தள்ளிய அன்று, அவள் மிளகாயே போட்டிருக்கவில்லை. நாக்கைக் காட்டச் சொன்னாள். மழித்துவிட்டதுபோல வழவழவென்று சிவந்திருந்தது. இன்னொரு நாள், முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடிய மனிதர் வெட்டின மரம்போல வாஷ்பேசின்மேல் சாய்ந்ததையும் பார்த்தாள். கண்ணைத் திறந்திருந்தால் நிற்கிறார், மூடினால் விழுகிறார். குடிகாரன் கண்ணைத் திறந்துகொண்டும் விழுவானே என்று அவளுக்குத் தோன்றியது. அதைப் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் ஏறவில்லை. ஆகவே தனக்குத் தலைசுற்றல், துணைக்கு வாருங்கள் மாமா என்று பொய் சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

போய் உட்கார்ந்த பிறகுதான் நோயாளி தான் என்று அவருக்குப் புரிந்தது. எழுந்து போக நினைத்தவரை, அந்த டாக்டரம்மா பேச்சுக் கொடுத்தே நிறுத்திவிட்டாள். தட்டினால் அதிர்கிற, முள்கரண்டி போன்ற ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் கணுக்காலில் வைத்து, அதிர்கிறதா என்றாள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தட்டின உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்றார். ரத்தம் எடுத்தார்கள். தாள் வந்தது. பி பன்னிரண்டு என்கிற சத்து உடம்பில் அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்றாள். நரம்புக்கும் ரத்தத்துக்கும் மூளைக்கும் அதுதான் ஆதாரமாம். அது எதில் இருக்கிறது என்று கேட்டார். கறியில், ஈரலில் என்றாள்.

பெரியவர் சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏம்மா, நான் கறிக்கடைக்காரன். தினமும் ஈரல் திங்கிறவன். கடல்ல இருக்கிற மீனுக்குத் தண்ணி பத்தலைன்னு சொல்ற மாதிரி இருக்கு."

சாப்பிட்டால் மட்டும் போதாது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அந்தச் சத்தைக் கைபிடித்து உடம்புக்குள் கூட்டிப்போக வயிற்றில் ஒன்று சுரக்க வேண்டும், உங்கள் வயிற்றில் அது நின்றுவிட்டது, வாசல்வரை வந்த விருந்தாளி கதவு திறக்காமல் திரும்பிப் போகிறான், ஆகவே ஊசிதான் வழி, ஆயுசு முழுக்கப் போட வேண்டும் என்றாள். ஆயுசு முழுக்க என்றதும் பெரியவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாடிக்கையாளரைக் கட்டிப்போடுகிற வித்தை அவருக்குத் தெரியாததா? பொய் சொல்லிக் கூட்டிவந்தவளும் ஊசி விற்கிறவளும் ஒரே கட்சி என்று முடிவு கட்டினார்.

ஆனாலும் போட்டுக்கொண்டார். மருந்து ரத்தம்போலச் சிவப்பாக இருந்ததால் கொஞ்சம் மரியாதை வந்ததோ என்னவோ. நாக்கு ஆறியது. முகத்தில் நிறம் ஏறியது. புத்தியும் தெளிந்தது. தெளிந்ததுதான் வினை. மங்கலாகக் கிடந்ததெல்லாம் வரிசையாக எழுந்து வந்தது. சிநேகிதர் சொன்ன சொல், பக்கத்தில் நின்றவன் சிரித்த சிரிப்பு, வாயருகே குனிந்த மகனின் மூக்கு. தெருவில் யாரும் வந்து, தப்பாக நினைத்துவிட்டோம் என்று சொல்லவில்லை. குடியை விட்டுவிட்டார், தேறிவிட்டார் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

ஊசிக்குப் போக வேண்டிய ஒரு காலையில் அவர் நேரே கடைக்குப் போனார். கத்தியைக் கொடு என்றார்.

மகன் கையைத் துடைத்துக்கொண்டான். நரம்பு கெட்டு நாளாகிவிட்டது, தாமதமாக வந்ததால் விரலில் உணர்ச்சி முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னான். தாமதம் யாரால் என்று அவர் கேட்டார். அவன் கொத்தி வைத்திருந்த கறியைத் தட்டோடு அவர் முன் நகர்த்தினான்.

"கத்தி அப்புறம்ப்பா. இதுல சில்லு இருக்கா பாருங்க. சுத்தம்னு நீங்க சொல்லிட்டா சாவி உங்க கையில."

பெரியவர் இடது கையை உள்ளே விட்டார். பழைய வழக்கப்படி கண்ணை மூடப் போனவர், கால் ஆட்டம் கண்டதும் திறந்துகொண்டார். ஒருமுறை துழாவினார். இரண்டாம் முறையும் துழாவினார். எல்லாம் மெத்தென்றுதான் இருந்தது, கையுறைக்குள்ளிருந்து தொடுவதுபோல. கடையில் நின்றவர்கள் தட்டை எட்டிப் பார்த்தார்கள்.

"சுத்தம்" என்றார்.

மகன் தன் விரலை விட்டான். தேடக்கூட இல்லை. எடுத்த சில்லைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். தையல்கடைக்காரர் கொண்டுவந்ததைவிடப் பெரிது. அவன் முகத்தில் ஜெயித்த களை இல்லை, அழப்போகிறவன்போல இருந்தான். பெரியவர் அந்த முகத்தைப் பார்க்கவில்லை, சில்லைத்தான் பார்த்தார்.

"நீதான்டா வெச்ச" என்றார்.

"அப்பா..."

"உன் பொண்டாட்டி தலைசுத்தலுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனா. நீ சில்லை விரலிடுக்குல வெச்சிருந்து எடுத்துக் காட்டுற. குடும்பமே வித்தை காட்டுதுடா."

மகன் சாவியை எடுக்கவில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. படி இறங்கினார். இறங்கும்போது ஒவ்வொரு காலையும் எங்கே வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்து வைத்தார். பார்க்காமல் வைத்தால் தரை இருக்கிறதா இல்லையா என்று பாதம் சொல்வதில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் இருந்த டாக்டர் வீட்டு வாசலில் மருமகள் அவருக்காகக் காத்து நின்றாள். "மாமா, ஊசி" என்றாள்.

"உன் புருஷனுக்குப் போடச் சொல்லு. அவனுக்குத்தான் ஒறைக்க மாட்டேங்குது."

அவள் இரண்டடி கூட வந்தாள், விட்டால் எல்லாம் பழையபடி திரும்பிவிடும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். விற்கிறவள் வேறென்ன சொல்வாள் என்று முனகிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், தன் கால்களையே வைத்த கண் வாங்காமல் பார்த்தபடி அவர் வாசலைத் தாண்டி நடந்தார். தூரத்திலிருந்து பார்த்த யாரோ, ஆள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது என்றார்கள்.