இந்துவுக்குக் கொடுத்த காரணம்

ஜப்பானுக்குப் படிக்கப் போவதற்கு பாஸ்போர்ட், மார்க் ஷீட், வெள்ளைப் பின்னணியில் போட்டோ, ஒரு காரணம் ஆகிய நான்கும் வேண்டும். முதல் மூன்றும் எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் ஒரே தெருவில் முடிந்துவிடும். நாலாவதற்கு என்னிடம் வருவார்கள்.

அந்த நாட்டு மொழிப்பள்ளிகள் எல்லாம் "நான் ஏன் ஜப்பானிய மொழி படிக்க விரும்புகிறேன்" என்று ஒரு பக்கக் கடிதம் கேட்கும். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. ஆர்தரின் வகுப்பில் சேர்ந்திருப்பார்கள், நாலு மாதம் படித்திருப்பார்கள், அதற்குமேல் யோசித்திருக்க மாட்டார்கள். ஆர்தர் எனக்குக் கல்லூரியில் மூன்று வருடம் சீனியர். பெங்களூரில் வேலை பார்த்தபோது ஜப்பானிய மொழியில் நடுத்தரப் பரீட்சை வரை பாஸ் செய்துவிட்டு, ஊருக்குத் திரும்பி ஒரு செல்போன் கடையின் மாடியில் வகுப்பு நடத்துகிறான். அவன் ஜப்பானைப் பார்த்ததில்லை. ஜப்பானும் அவனைப் பார்த்ததில்லை என்பதால் இருவருக்கும் இதுவரை மனஸ்தாபம் இல்லை.

கடிதம் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தது அவன்தான். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் நான் எழுதிய ஆண்டு விழா அறிக்கை கிண்டல் என்பது பிரின்சிபாலுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதைச் சொல்லி, "நீ எழுதினா நம்பிடுவாங்க மச்சா" என்றான்.

நம்பினார்கள். வேலுவுக்கு செர்ரிப் பூ மீது சிறுவயது ஆசை என்று எழுதினேன். வகுப்புக்கு ஒருநாள்கூட நேரத்தில் வராத மஞ்சுநாத்துக்கு, ஜப்பானிய ரயில்களின் நேரம் தவறாமையில் ஈர்ப்பு. டீயை இரண்டே மடக்கில் குடித்துவிட்டு பைக்கை எடுக்கும் ஒருவனுக்கு, தேநீர்ச் சடங்கின் நிதானத்தில் மனம் பறிபோயிருந்தது. கூலி ஒரு பிளேட் பிரியாணி. ஒன்றரை வருடத்தில் பதினொரு கடிதம் எழுதினேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அதில் பத்து பொய். ஒன்று மட்டும் உண்மை, ஆனால் அது வேறு ஆளுடைய உண்மை.

நான் எழுதிய இரண்டாவது கடிதம் இந்துவுக்கு. அப்போது அனுபவம் போதாது, பொய் சரளமாக வரவில்லை. அதனால் என்னுடைய காரணத்தையே எழுதிக் கொடுத்துவிட்டேன். என் அப்பா அசோகன் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் மிஷின் ஓட்டுகிறார். ஜப்பான் மிஷின். பதினொரு வருடமாக அதன் பொத்தான்களையெல்லாம் இடம் பார்த்தே பழகிக்கொண்டவருக்கு, பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கும் ஒரு வரி மட்டும் என்னவென்று தெரியாது. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், போட்டோ எடுக்க முடியாது. ஒருநாள் அதை ரயில் டிக்கெட்டின் பின்னால் பார்த்து வரைந்துகொண்டு வந்தார். ஒரு வீடு, ஒரு நண்டு, பாதி ஏணி. என் போனின் மொழிபெயர்ப்பு ஆப்பில் காட்டியபோது அது "குதிரையின் பல் வைத்தியர்" என்றது. அன்றைக்குத்தான் நான் ஆர்தரின் மாடி ஏறினேன்.

இந்துவின் கடிதத்தில் அசோகன் இந்துவின் அப்பா ஆனார். உண்மையில் அவளுடைய அப்பா நாகேஷ் ஆண்டர்சன்பேட்டையில் மட்டன் ஸ்டால் வைத்திருக்கிறார். இந்து ஏப்ரலில் கிளம்பிப் போய், வகுப்பில் முதல் மாணவியாகவும் ஆகிவிட்டாள்.

இப்போது என் முறை. அதே பள்ளி, அக்டோபர் சேர்க்கை, கடைசி ஓர் இடம். கிடைக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமை முதல் அப்பாவோடு விடியற்கால ரயிலேறி, பெங்களூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட வேண்டும். மாமா பேசி வைத்துவிட்டார். அந்த ரயிலில் ஏறியவர்கள் முப்பது வருடம் கழித்துத்தான் இறங்குவார்கள்.

கடிதம் எழுத உட்கார்ந்தால் என்னிடம் காரணமே இல்லை. பூ, ரயில், டீ எல்லாம் மற்றவர்களுக்குப் போய்விட்டது. என் சொந்தக் காரணம் இரண்டு மாதமாக ஜப்பானில் படித்துக்கொண்டிருக்கிறது. கடைசியில், "ஜப்பானியப் பண்பாட்டின் ஆழம் என்னை எப்போதும் கவர்ந்து வந்துள்ளது" என்று எழுதி அனுப்பினேன். அதைப் படித்த ஆர்தர், "இது இன்னா மச்சா, உனக்கு எழுதத் தெரியாத மாதிரி கீது" என்றான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் நேர்முகம். மாணவனை மட்டுமல்ல, படிக்க வைக்கும் பெற்றவரையும் கேட்பார்கள். அப்பா லீவு போட்டிருந்தார். ஆர்தர் போனில் சொன்ன யோசனை, "புத்தர் படம் தெரியற மாதிரி உட்காருங்க. அவங்களுக்குப் பிடிக்கும்."

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "நம்ம வூட்டு புத்தரு எங்கப்பா காலத்துலேர்ந்து அங்கதான் கீறாரு. சீட்டு வாங்கறதுக்கா அவரை வெச்சிருக்கோம்? நீ நாற்காலிய இப்படிப் போடு."

புத்தரும் அம்பேத்கரும் இல்லாத சுவரில் காலண்டர் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தோம். அம்மா உள்ளேயிருந்து, "குக்கர் வெக்கலாமா, வெக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதற்கு யாரும் பதில் சொல்வதற்குள், சேர்க்கையைக் கவனிக்கும் பள்ளி ஆசிரியை மொரிதா திரையில் வந்துவிட்டார்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். முன்னால் காகிதங்களைச் சதுரமாக அடுக்கி வைத்திருந்தார். முதலில் ஜப்பானிய மொழியில் என் பெயர், ஊர், நேற்று என்ன சாப்பிட்டேன் என்றெல்லாம் கேட்டார். சொன்னேன். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார்.

"உங்கள் கடிதத்தைப் படித்தேன். உங்கள் ஊரிலிருந்து வருகிற கடிதங்கள் எப்போதும் நன்றாக இருக்கும்." என் தாளை அடுக்கிலிருந்து உருவினார். "இது மட்டும் அப்படியில்லை."

"ஆமாம்" என்றேன்.

"இந்து-சானைத் தெரியுமா?" என்று மரியாதை விகுதி சேர்த்துக் கேட்டார். "அவருடைய கடிதத்தை எங்கள் ஆசிரியர்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினோம். ஒருவர் அழுதார்."

என் கடிதத்துக்கு ஜப்பானில் ஒருவர் அழுதிருக்கிறார். இந்தச் செய்தியை முகத்தில் காட்டாமல் கேட்டுக்கொள்வது சுலபமில்லை. அதே நொடியில் எனக்கு வேறொன்று உறைத்தது. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. கடிதம் பொய் என்று தெரிந்தால் நடுவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஆர்தர் எல்லோரையும் பயமுறுத்தி வைத்திருந்தான். மாட்டினால் நான் மட்டும் மாட்ட மாட்டேன், இந்துவும் மாட்டுவாள்.

"உங்கள் தந்தை என்ன வேலை செய்கிறார்?" என்று மொரிதா கேட்டார்.

அப்பா என் பக்கம் சாய்ந்தார். "பிரஸ் மிஷின் ஓட்றேன்னு சொல்லுடா. ஜப்பான் மிஷின்னு அழுத்திச் சொல்லு."

நான் ஆங்கிலத்தில், "ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "நான் சொன்னதுல பாதி எங்கடா?"

நான் செய்த தப்பு இதுதான். மொழிபெயர்ப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். வெள்ளைக்காரத் துரைமார்களின் கீழே மூன்று தலைமுறை வேலை செய்த ஊரில், என்னைவிட தைரியமாக இங்கிலீஷ் பேசும் மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நினைத்தேன்.

அப்பா கேமராவுக்கு நேராக நிமிர்ந்தார். "மேடம், ஐ ஆம் மிஷின் ஆப்பரேட்டர். ஜப்பான் மிஷின். லெவன் இயர்ஸ். ஒன் ரெட் ஸ்டிக்கர் தேர், நாட் நோயிங். தட் ஒன்லி மை சன் லேர்னிங் ஜாப்பனீஸ்."

மொரிதாவின் கை காகிதங்களின் மேல் நின்றது. "விசித்திரமாக இருக்கிறது. இந்து-சானின் தந்தையும் இதே வேலைதான். அதே சிவப்பு எழுத்து."

"விச் இந்து? நாகேஷ் டாட்டர் இந்து?" அப்பா தலையை ஆட்டினார். "நோ மேடம். ஹி ஈஸ் மட்டன். ஒன்லி மட்டன்."

உள்ளே குக்கர் ஒரு விசில் விட்டது. அம்மா தானாகவே முடிவெடுத்துவிட்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு நல்ல பொய் இருந்திருக்கும். பத்துப் பேருக்குப் பொய் எழுதியவனுக்கு ஒன்றும் வரவில்லை. "இந்துவின் கடிதத்தை எழுதியது நான். அவள்மேல் தப்பில்லை. அவளுக்கு எழுத வராது என்று நான்தான் சொன்னேன்" என்றேன்.

"உங்கள் ஊரிலிருந்து வந்த மற்றவை?"

"அவையும்."

மொரிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்பா தமிழில், மெதுவாக, "என் மிஷின எடுத்து நாகேசுக்குக் குடுத்துட்டியா?" என்றார்.

"ஆமாம்பா."

"இன்னாத்துக்கு?"

"பிரியாணிக்கு."

"அவன் கடை மட்டனாச்சும் போட்டானா?"

நான் பதில் சொல்வதற்குள் மொரிதா, அந்தச் சிவப்பு எழுத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டார். அப்பா காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்னால் வீடு, நண்டு, பாதி ஏணி எல்லாவற்றையும் மறுபடி வரைந்து கேமராவின் முன்னால் பிடித்தார். மொரிதா தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார். பிறகு, "இதன்மேல் ஏறி நிற்காதீர்கள்" என்றார்.

அப்பா தாளைக் கீழே இறக்கினார். "டெய்லி ஸ்டாண்டிங், மேடம்" என்றார். என் பக்கம் திரும்பி, "அதான் அது ஆடுது" என்றார்.

மொரிதா சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் இருக்க ஏதோ செய்தார். பிறகு என்னிடம், "உங்கள் ஆங்கிலக் கடிதம் எனக்கு வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில், கையால் எழுதி, இன்றைக்குள் அனுப்புங்கள். அகராதி பார்க்காதீர்கள்" என்றார். திரை அணைந்தது.

எனக்கு அப்போது தெரிந்தது நானூறு சொல். ரயில், காலை, அப்பா, நாய், விலை அதிகம், நேற்று மழை பெய்தது. இதை வைத்துக்கொண்டு கிண்டல் செய்ய முடியாது. பண்பாடு, ஆழம், ஈர்ப்பு எதற்கும் சொல் கிடையாது. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதியது தமிழில் இவ்வளவுதான்:

"நான் பதினொரு கடிதம் எழுதினேன். மன்னிக்கவும். இந்து நல்ல மாணவி. எனக்கு நான்கு மொழி தெரியும். தமிழ் பேசினால் சென்னையில் சிரிக்கிறார்கள். கன்னடம் பேசினால் பெங்களூரில் சிரிக்கிறார்கள். தெலுங்கு பேசினால் என் அம்மா சிரிக்கிறார். இங்கிலீஷ் பேசினால் நானே சிரிக்கிறேன். ஜப்பானிய மொழி புதியது. அதை முதலிலிருந்து படிக்கிறேன். தப்பு செய்தால் திருத்துகிறார்கள். எனக்கு அது பிடிக்கும். காரணம் சிறியது. ஆனால் என்னுடையது."

படமெடுத்து அனுப்பினேன். அன்று சாயங்காலம் இந்து கூப்பிட்டாள். திட்டுவாள் என்று காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளியே பிடித்தேன்.

"மொரிதா சென்சே ரூமுக்குக் கூப்பிட்டாங்க."

"திருப்பி அனுப்பறாங்களா?"

"கடுதாசிங்கறது உள்ள விடறதுக்குத்தான், நீதான் உள்ள வந்துட்டியே, இனிமே உன் மார்க்குதான் பேசும்னாங்க. அப்பாலே உங்கப்பா நெஜமா இன்னா பண்றாருன்னு கேட்டாங்க. மட்டன்னு சொன்னேன். அத்த எழுதிக் குடுன்னாங்க. நானே எழுதணுமாம்."

"எழுதினியா?"

"மூணு பக்கம். எங்கப்பா ஆடு உரிக்கறத பத்தி மட்டுமே ஒரு பக்கம். ரெண்டு மாசமா தெனம் ஒரு டீச்சர் வந்து அப்பா மிஷின் எப்படி கீதுன்னு விசாரிக்கிறாங்கடா. நல்லா கீதுன்னு சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது. இன்னைக்குத்தான் நிம்மதியா சாப்டேன்."

வெள்ளி போயிற்று. சனி, ஞாயிறு பள்ளி விடுமுறை. பதில் வரவில்லை.

திங்கட்கிழமை இருட்டில் அப்பாவோடு ரயிலேறினேன். இடுப்பில் சொருகிய புதுச் சட்டை, பையில் அம்மா கட்டிக் கொடுத்த லெமன் சாதம். அப்பாவின் சீட்டாட்டக் கோஷ்டி எனக்கு ஜன்னலோரம் ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. முதல் நாள் என்பதால் மரியாதை. அடுத்த ஸ்டேஷனில் ஏறிய முனிரத்தினம் அண்ணன் இடமில்லாமல் என் தலைக்கு மேல் கம்பியைப் பிடித்து நின்றார். இருபது வருடமாக அந்த ஜன்னல் அவருடையது என்று அப்பா காதோரம் சொன்னார்.

"புள்ள வேலைக்குப் போவுதா?" என்றார் அவர்.

"பில்லு போடற வேலை" என்றார் அப்பா.

"நல்ல வேலைதான். ஏசி இருக்கும்."

இங்கே ஐந்தரை என்றால் ஜப்பானில் ஒன்பது, ஆபீஸ் திறக்கும் நேரம். ஐந்து முப்பத்தைந்துக்கு என் போன் அதிர்ந்தது. மொரிதாவின் மெயில் இரண்டே வரி. அக்டோபர் சேர்க்கையில் இடம் உண்டு. நிபந்தனை: இனி வேறு யாருக்கும் கடிதம் எழுதக் கூடாது.

போனை அப்பாவிடம் கொடுத்தேன். கையில் சீட்டு இருந்ததால் புறங்கையால் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு ஒரு சீட்டை இறக்கினார்.

"அடுத்து பங்காரப்பேட்டைல எறங்கிக்கோ. மாமாகிட்ட நான் பேசிக்கிறேன். சாதத்த குடுத்துட்டுப் போ."

கொடுத்துவிட்டு எழுந்தேன். நான் நிமிர்வதற்குள் முனிரத்தினம் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டார். எனக்கு வாழ்த்து சொன்னது அதற்கப்புறம்தான்.