ஆத்தாவுக்குத் தெரியும்

...வைக்கோலா, டயருக்குள் வைக்கோலா, ஆத்மநாதன் மறுபடியும் குனிந்து பார்த்தார், பார்த்ததையே மறுபடி பார்த்தால் மாறிவிடுமா என்ன, ரிம்முக்கும் டயருக்கும் நடுவிலிருந்து மஞ்சளாகப் பிதுங்கிக்கொண்டு நின்றது வைக்கோல்தான். நார்த்தாமலை முத்துமாரியைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிப் புதுக்கோட்டைச் சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம்கூட வரவில்லை, பின் சக்கரம் பட்டென்று வெடித்தது, அதற்கு அவர் கலங்கவில்லை, ஸ்டெப்னி இருக்கிறதே என்று வேட்டியை மடித்துக் கட்டி, ஜாக்கி வைத்து மாற்றினார், தட்டிப் பார்த்தபோது கெட்டியாகத்தான் இருந்தது, ஒரு கூப்பிடு தூரம் ஓடியதும் தள்ளாடி உட்கார்ந்துவிட்டது... ட்யூபை உருவிவிட்டு வைக்கோலைத் திணித்து வைத்திருக்கிறான். யார்? வேறு யார், இந்தச் சின்னக் காரைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர், அவரும், அவருடைய அக்காள் மகன் குழந்தைசாமியும். காலையில் கிளம்பும்போது கேட்டாரே, ஸ்டெப்னி சரியாக இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டாரே, அவன் நிமிர்ந்து பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் ஆத்தாவுக்குத் தெரியும் மாமா" என்றான். கேட்டதும் மனம் குளிர்ந்துபோயிற்று அவருக்கு, ஒரு சக்கரத்துக்குக்கூட மாரியாத்தாளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற பிள்ளை, இவனுக்குப் பெண்ணைக் கொடுக்க யோசிக்க வேண்டியதில்லை என்று அந்த நிமிஷமே நினைத்தார். பொய்ச் சத்தியம்! அதுவும் அந்த ஆத்தாளிடம் பூக் கேட்கப் புறப்பட்ட நேரத்தில்... இன்று சாயங்காலம் விளக்கு வைத்ததும் பரிசம், பந்தல்கூடப் போட்டாயிற்று, தாம்பாளத்தைத் துலக்கி வைத்திருப்பாள் அக்காள், சட்டைப் பையில் வெள்ளைப் பூப் பொட்டலம், கொடு என்று ஆத்தாள் சொன்ன பூ. ட்யூபுக்குப் பொய் சொல்கிறவன் பெண்டாட்டிக்குச் சொல்ல மாட்டானா?

அந்த வழியாக வைக்கோல் வண்டியோடு வந்த ராக்கன் என்கிற வண்டிக்காரன்தான் இறங்கி நின்று பார்த்தான், அவன் பார்ப்பதற்குள் அவனுடைய மாடு பார்த்துவிட்டது, கழுத்தை நீட்டி டயரிலிருந்து ஒரு வாய் இழுத்து மெல்ல ஆரம்பித்தது. "ஏஞ்சாமி, பெட்ரோலுக்குத்தேன் பஞ்சம்னாங்க, உங்க மோட்டாரு வைக்கோலுக்கே மாறிப்போச்சுங்களா?" என்றான். வேறு நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். சிரிப்பு வராததைக் கண்டு அவன் தன் வண்டியிலிருந்தே இரண்டு பிடி வைக்கோலை உருவி முறுக்கி முறுக்கி டயருக்குள் இறுகத் திணித்தான், ரிம்மோடு சேர்த்துச் சணல் கயிற்றால் சுற்றிக் கட்டினான், "மாட்டு நடைக்கு இது தாங்குங்க, உக்காந்து திருப்பிக்கிட்டு மட்டும் வாங்க" என்று வடக்கயிற்றை எடுத்து வண்டியின் பின்னால் காரை மாட்டினான். யார் இவன், எனக்கு என்ன உறவு, என்ன எதிர்பார்க்கிறான், ஒன்றுமில்லை... வழியில் போகிறவன் கை கொடுக்கிறான், வீட்டில் வளர்ந்தவன் கை விடுகிறான். கயிறு விறைத்தது, கார் அசைந்தது, எஞ்சின் சத்தமில்லாமல் கார் நகர்வது என்னவோ போலிருந்தது, முன்னால் வைக்கோல், பின்னால் வைக்கோல், நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான்.

அப்பா இல்லாத பிள்ளை என்று அக்காளோடு கூட்டி வந்து, நாட்டு மருந்துக் கடையில் பக்கத்திலேயே உட்கார வைத்து, கடுக்காய் எது தான்றிக்காய் எது என்று சொல்லிக் கொடுத்து... சொல்லிக் கொடுத்ததில் எது குறைந்துபோயிற்று? தினமும் திருக்கோகர்ணம் கோயிலுக்குக் கூடவே வருவானே, விபூதி வாங்கிக்கொண்டு முதலில் அடுத்த வீட்டுக்குத்தானே போவோம், படுக்கையோடு கிடக்கிற பிச்சையம்மாளுக்குப் பூசிவிட. முதுகெல்லாம் புண், புரள முடியாது, பார்க்கப் பொறுக்காது. போன வெள்ளிக்கிழமை அவள் முகம் தெளிந்திருந்தது, "இப்பத் தேவலைங்க தம்பி, எரிச்சல் அடங்கியிருக்கு" என்றாள், விபூதி வேலை செய்கிறது, கும்பிட்ட கும்பிடு வீண்போகவில்லை என்று அவர் கண் கலங்கி நின்றார், குழந்தைசாமி பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், பக்தி என்றுதான் நினைத்தேன்... ட்யூபை எங்கே கொண்டுபோய்த் தள்ளினானோ, உலகச் சண்டை நடக்கிற காலம், காசைக் கொட்டினாலும் கிடைக்காத சாமான். பரிசத்தை நிறுத்திவிட வேண்டியதுதான். அக்காள் அழுவாள், அழட்டும், ஊர் கேட்கும், வைக்கோலைக் காட்டுகிறேன்.

வெயில் சாய்ந்திருந்தது. ராக்கன் வைக்கோலின் மேலிருந்தே திரும்பி, "கோயிலுக்கு என்ன விசேசமுங்க?" என்றான்.

"மகளுக்குப் பூக் கேக்கப் போனேன்."

"என்ன பூவுங்க?"

"வெள்ளை."

"அப்பறமென்னங்க, மொகத்தை இப்படி வச்சிருக்கீங்க. பொண்ணு என்ன சொல்லுது?"

"யாரு, ஆத்தாவா?" என்றார் அவர், யோசிக்காமல்.

ராக்கன் சிரித்தான். "எந்த ஆத்தாவச் சொல்றீங்க? கோயில் ஆத்தாதேன் வெள்ளைப் பூ குடுத்துருச்சுங்களே. நா வீட்டுல உள்ள பொண்ணைக் கேட்டேன்."

வீட்டில் உள்ள பெண்ணைத்தானே நானும் சொன்னேன், என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்... முத்துமாரியம்மாள், அது அவரைப் பெற்றவள் பெயர், பெற்றவள் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று மகளுக்கு அதை வைத்த நாளிலிருந்து ஆத்தா என்றே கூப்பிட்டார், ஆத்தா சாப்பிட்டாச்சா, ஆத்தா விளக்கேற்று, அவர் கூப்பிடுவதைப் பார்த்து அக்காள் கூப்பிட்டாள், குழந்தைசாமி கூப்பிட்டான், அந்த வீட்டில் அவளுக்கு வேறு பெயரே கிடையாது. எல்லாம் ஆத்தாவுக்குத் தெரியும் மாமா... ஸ்டியரிங்கில் கை நழுவியது, கார் ஒருபக்கமாக இழுத்தது, "பாத்துங்க, பாத்துங்க" என்றான் ராக்கன். மாரியாத்தாளை அவன் கூப்பிடவே இல்லையா? அவளிடம் கேளுங்கள் என்றா சொன்னான், கேட்கட்டும் என்றா கண்ணாடியையே துடைத்துக்கொண்டு நின்றான்? நான்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேனா? அவளுக்குத் தெரியுமா? வாசல்வரை வந்து, எதையோ சொல்ல வந்தவள் போல நின்று, "மெதுவாப் போங்கப்பா" என்று மட்டும் சொன்னாளே, தெரிந்துகொண்டேவா... ஒருவன் ஏமாற்றினான் என்பதைத் தாங்கிக்கொண்டு இத்தனை தூரம் வந்தாயிற்று, இருவரும் சேர்ந்து என்றால்? பிச்சையம்மாள் வீட்டில் போன வெள்ளிக்கிழமை விபூதியோடு குனிந்தபோது, அவளுடைய இடுப்புக்கு அடியில் சேலையை அவசரமாக இழுத்து மூடினாள் ஆத்தா, மூடுவதற்குள் கண்ணில் பட்டது, கறுப்பாக, வளைந்து, தலையணை என்று நினைத்தேன். தலையணை கறுப்பாக இருக்குமா? புண் பாயில் அழுந்தாமல் தாங்கக் காற்றடித்து வைத்த ட்யூபா அது? அதற்கும் முந்தி ஒருநாள், "ஸ்டெப்னி சும்மாதானே தொங்குது மாமா, ஒரு உபகாரத்துக்கு..." என்று குழந்தைசாமி ஆரம்பித்தான், முடிக்க விட்டேனா, "சண்டை முடியிற வரைக்கும் அதுல எவனும் கை வைக்கக் கூடாது" என்றேன், என்ன உபகாரம், யாருக்கு என்று கேட்கவில்லை. அப்படியானால் அந்த எரிச்சல் அடங்கியது... விபூதியால் இல்லையா? நான் கண் கலங்கி நின்றபோது இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்களா? நல்லதைத்தானே செய்தார்கள், அதை ஏன் திருடர்களைப் போல, எனக்குப் பயந்து, என்னிடமிருந்து ஒளித்து... நல்லதென்று தெரிந்தபிறகும் நெஞ்சில் குத்தியது ஏன் எடுபடவில்லை?

திருக்கோகர்ணம் கோபுரம் தெரிந்தது. தெரு முனையில் பிள்ளைகள் கைகொட்டி ஓடிவந்தார்கள், மாடு இழுக்கிற மோட்டார், மாடு இழுக்கிற மோட்டார். பந்தல் வாசலில் குழந்தைசாமி நின்றான், அவனுக்கு ஒரு எட்டு முன்னால், அவனை மறைத்தாற்போல, ஆத்தா. "எங்கிட்டு நிறுத்தணுமுங்க?" என்றான் ராக்கன். அவருடைய கை சட்டைப் பைக்குப் போனது, வெள்ளைப் பூ வாடிப் பொட்டலத்தோடு ஒட்டியிருந்தது. இத்தனை தூரம் போய் ஒரு ஆத்தாளிடம் கேட்டுவந்தேன்... வீட்டில் இருக்கிறவளிடம் எதையாவது, என்றைக்காவது, கேட்டிருக்கிறேனா? ஆத்தாவைப் பார்த்தபடியே கதவுக் கண்ணாடியை இறக்கினார், வண்டி இன்னும் இழுத்துக்கொண்டே இருந்தது.