கதவில் இல்லாத பூட்டு

படத்தில் ஒரு பூட்டு வந்தது. கனத்த பித்தளைப் பூட்டு. பழைய மரக்கதவில் அது லேசாக ஆடுவதைத் திரை நிறையக் காட்டினார்கள். பின்னணியில் மூத்தவளின் குரல் ஒலித்தது: "வெளியே வரவே முடியல. அத்தனை வருஷமும் வர முடியல."

சலவைக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் சூப்பர்வைசரின் போனைச் சுற்றி எல்லாத் தலையும் குவிந்திருந்தது. ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளையில் விட்டு எடுத்து மடித்து அனுப்புகிற இடம் அது. மூத்தவளுக்கு மடிப்பு மேசையில் வேலை. தான் வளர்ந்த பிரார்த்தனைக் கூடத்தைப் பற்றி அவள் பேசிய ஆவணப்படம் வெளிவந்த நாள் என்பதால் அன்று ஒருத்திக்கும் சோறு இறங்கவில்லை. கதை கேட்கிற பசி அதைவிடப் பெரிதாக இருந்தது.

"அடப்பாவிங்களா, பூட்டியா வச்சிருந்தாங்க!" என்று இஸ்திரிக்காரி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"பூட்டே கிடையாது" என்றாள் மூத்தவள்.

"அதான் காட்டுறாங்களே!"

"அந்தக் கதவுல தாழ்ப்பாள்கூடக் கிடையாதுக்கா."

"பயப்படாத. இங்க உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்று இஸ்திரிக்காரி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். உள்ளே கிடந்து வளர்ந்தவள் சொல்வதைவிட போனில் ஆடுகிற பூட்டுக்கு மதிப்பு அதிகம். மூத்தவள் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனாள்.

அந்தப் பூட்டை அவளுக்குத் தெரியும். டைரக்டரின் ஆபீஸில் கேமரா சாமான் வைக்கிற இரும்பு அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்த பூட்டு அது. பேட்டிக்காகக் காத்திருந்தபோதெல்லாம் அதற்கு எதிரில்தான் அவளை உட்கார வைத்தார்கள்.

சின்ன வயதிலேயே அம்மா அவளையும் இளையவளையும் கையைப் பிடித்து அந்தப் பிரார்த்தனைக் கூடத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். அங்கே தலைவர் ஒருவர்தான் எல்லோருக்கும் 'அப்பா'. பிள்ளைகள் ஏழு வயதுவரை பெற்றவளை அம்மா என்று கூப்பிடலாம். அதன்பிறகு தனி அறை, தனிப் பாய். பெற்றவளும் மற்றப் பெண்களைப் போல வெறும் 'அக்கா' ஆகிவிடுவாள். வாசல் கதவு எப்போதும் சும்மா சாத்தியிருக்கும். காற்றடித்தால் திறந்துகொள்ளும் என்பதால் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைப்பார்கள். காலால் தள்ளினால் தெரு. ஆனால் யாரும் தள்ளவில்லை. வெளியே போகிறவளுக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே அவள் பாசம் வைத்திருக்கிற ஆளுக்குத்தான் நோய் வரும் என்று பேச்சு வந்த நாளிலிருந்து ஊட்டியிருந்தார்கள்.

மூத்தவள் ஒருநாள் செங்கல்லைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். அதே வருஷம் அம்மா படுத்த படுக்கையாகிப் போய்ச் சேர்ந்தாள். டாக்டரிடம் காட்டியிருந்தால் பிழைத்திருப்பாள் என்பது வேறு விஷயம். கூடத்து 'அப்பா' ஒரு வார்த்தை பேசவில்லை; பேச வேண்டிய அவசியமும் இல்லை. இளையவள் அந்தப் பயத்தோடு அங்கேயே தங்கிவிட்டாள். அங்கேயே கல்யாணம், அங்கேயே ஒரு பெண் குழந்தை. புருஷன்காரன் கூடத்தின் வேலையாக எங்கோ தூரத்துக்கு அனுப்பப்பட்டவன், திரும்பவே இல்லை.

இப்போது அந்தக் குழந்தைக்கு ஏழு நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் இளையவள் முதன்முறையாக ஆடிப்போனாள். கடைக்கு வருகிற சாக்கில் அக்காவைச் சந்தித்து, "அவ என்னை அக்கான்னு கூப்பிட்டா நான் எப்படிக்கா தாங்குவேன்?" என்று அழுதாள்.

"அப்ப கிளம்பி வா."

"பயமா இருக்கு. அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்னை ஏதோ படத்துல பேசக் கூப்பிடுறாங்களாமே. நடந்ததை நடந்தபடி சொல்லு. நான் எப்படியாவது படத்தைப் பார்க்கிறேன். எல்லாருக்கும் இதே பயம்தான்னு தெரிஞ்சா, குழந்தையைத் தூக்கிட்டு வந்துடுறேன்" என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூத்தவள் கேமரா முன்னால் உட்கார்ந்தாள். புகழுக்கும் இல்லை, பழிவாங்கவும் இல்லை. டைரக்டரிடம் படித்துப் படித்துச் சொன்னாள்: "பூட்டு கிடையாதுங்க. செங்கல்தாங்க. அதுதாங்க கொடுமை. பயத்தாலதான் வெளியே வர முடியல. அதைக் கண்டிப்பாப் போடுங்க."

"பிரமாதமான பாயிண்ட் மேடம்" என்று தலையாட்டினார் அவர். தலையாட்டலுக்கு என்ன, காசா பணமா?

அன்று வேலை முடிந்ததும் அவருக்குப் போன் போட்டாள்.

"அது உங்க அலமாரிப் பூட்டு தானே சார்?"

அவர் சிரித்தார். "மேடம், அது ஒரு குறியீடு. பயத்தை நான் எப்படிப் படம் பிடிக்கிறது? செங்கல்லைக் காட்டினா ஏதோ கட்டட வேலைன்னு நினைப்பாங்க. எத்தனை லட்சம் பேர் பார்த்திருக்காங்க தெரியுமா?"

"நான் ஒருத்தி பார்க்கணும்னுதான் சார் பேசினேன்."

அது அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை, அடுத்த அழைப்பு காத்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் இளையவள் வழக்கமான கடை வாசலுக்கு வந்தாள். பை இல்லை, குழந்தை இல்லை. முகம் கல்லாக இருந்தது.

"படம் பார்த்தியா?" என்று மூத்தவள் பயந்துகொண்டே கேட்டாள்.

"எல்லாரும் பார்த்தோம். அப்பாவே கூடத்துல பெரிய திரை கட்டிப் போட்டுக் காட்டினார்."

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டி.வி.யே பாவம் என்று சொன்ன மனிதர்!

"பூட்டு வந்ததும் நிறுத்தினார். எழுந்து போய் நம்ம கதவைத் தொட்டுப் பார்த்துட்டு வாங்கன்னார். வரிசையாப் போய்த் தொட்டுப் பார்த்தோம். பூட்டு மாட்ட ஒரு வளையம்கூட இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். 'இது பொய்னா, மிச்சம் என்ன?' அவ்வளவுதான்."

"அந்தப் பூட்டை நான் சொல்லலடி! அவங்களா மாட்டினது! நான் கரடியாக் கத்தினேன், பூட்டே இல்லைன்னு..."

"உன் குரல்தானேக்கா கேட்டுச்சு?"

குரல் அவளுடையதுதான்.

"நீ என்கூடப் படுத்து வளர்ந்தவ. அந்தக் கதவு உனக்குத் தெரியும். நீயே காசு வாங்கிட்டுப் பேசியிருக்கேன்னு அங்க சொல்றாங்க. நான் இல்லைன்னு சண்டை போட்டேன். படத்தைப் பார்த்தப்புறம் என்னன்னு சண்டை போடுறது?"

"ஒரு பைசா வாங்கல. குழந்தை மேல சத்தியம்."

"என் குழந்தையை இதுல இழுக்காத" என்று சொல்லிவிட்டு இளையவள் போய்விட்டாள். திரும்பியும் பார்க்கவில்லை.

படம் பார்த்த லட்சம் பேரில் சிலருக்கு ரத்தம் கொதித்தது. நல்லவர்கள்தான். பூட்டி வைக்கப்பட்ட பெண்களுக்காகக் கொதித்த அந்த நல்லவர்கள் கூட்டமாகப் போய்க் கூடத்தின் ஜன்னல்களில் கல்லெறிந்தார்கள். உள்ளே ஒரு குழந்தையின் நெற்றி கிழிந்தது. எந்தக் குழந்தை என்று செய்தியில் சொல்லவில்லை.

மூத்தவள் பாதி மடித்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தெரு முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். வாசலில் செங்கல் இல்லை. கதவுக்கு முன்னால் புதிதாக ஓர் இரும்புக் கேட் போட்டிருந்தார்கள், அதில் கெட்டியான ஒரு பூட்டு. பளபளவென்றிருந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் குழந்தை நின்றுகொண்டிருந்தது. நெற்றியில் கட்டு.

"வலிக்குதாடா கண்ணு?"

குழந்தை தலையை ஆட்டியது.

"அம்மா எங்கடா? பெரியம்மா வந்திருக்கேன்னு சொல்லு."

குழந்தை அவளை நிதானமாகப் பார்த்தது. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னது: "அக்கா உள்ள இருக்காங்க. உங்களைப் பார்க்க மாட்டாங்களாம். நீங்க வெளியே போனதாலதான் எனக்குக் கல் பட்டுச்சாம்."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, குழந்தை போய்விட்டது. மூத்தவள் இரண்டு கையாலும் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

"மேடம், அப்படியே நில்லுங்க. கையை எடுக்காதீங்க."

பின்னால் டைரக்டரின் குரல். இரண்டாம் பாகத்துக்குக் கேமராவோடு வந்திருந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, கடன் தீர்ந்தவர் மாதிரி.

"கோபப்பட்டீங்களே, இப்ப பாருங்க. நாங்க காட்டினது கடைசியில உண்மையாயிடுச்சு" என்றார். மைக்கை அவள் வாயருகே நீட்டினார். "இப்ப சொல்லுங்க. பூட்டு இருக்கா இல்லையா?"

அவளுக்கு அவரைக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஆனால் மறுபடியும் ஒரு பொய்க்கு அவள் குரல் போகக்கூடாது. பூட்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

"இருக்கு."